இந்த ஜூனா, அடுத்த ஜூனா?

மே மாதக் கடைசி ஞாயிறு இரவு சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, தூங்கிட்டியா?" என்று ஆரம்பித்து, இரண்டு நிமிடம் சம்பந்தமில்லாமல் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான். அமெரிக்காவில் 26 மெடிக்கல் ஸ்கூல்களுக்கு விண்ணப்பித்திருந்தான். இரண்டு இன்டர்வியூ வந்தது. ஓர் இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் வெயிட்லிஸ்ட். அடுத்த வருடத்துக்கான பொது விண்ணப்பம், ஆம்காஸ், திறந்துவிட்டது.

"இப்பவே திரும்பப் போட்டுடட்டுமா? இல்ல வெயிட்லிஸ்ட் என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போடட்டுமா? இல்ல இந்த வருஷத்தை விட்டுடட்டுமா?"

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டான். எட்டு வருடங்களுக்கு முன் இதே மாதத்தில் நானும் இந்த மூன்று கேள்விகளோடுதான் உட்கார்ந்திருந்தேன். கேட்க எனக்கு ஓர் அக்கா இல்லை. நான் மூன்று முறை விண்ணப்பித்தவள். மூன்றாவது முறைதான் இடம் கிடைத்தது. இப்போது உள்மருத்துவத்தில் ரெசிடென்சியின், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியின், முதல் வருடம் முடியப் போகிறது. அவனிடம் அன்று இரவு சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பும் அம்மா அப்பாக்களும் படித்தால் நல்லது. வீட்டில் இந்த முடிவை எடுக்கும்போது அவசரம் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

முதலில் காலண்டரைப் பற்றி. இங்கே நான்கு வருடக் கல்லூரிப் படிப்பு முடித்த பிறகுதான் மருத்துவப் படிப்பு. எம்.டி. என்பது இங்கே மருத்துவரின் முதல் பட்டம். அதைத் தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற ஒரே விண்ணப்பம். மே தொடக்கத்தில் திறக்கும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அனுப்ப ஆரம்பிக்கலாம். மதிப்பெண்களைச் சரிபார்த்து ஜூன் கடைசி வாக்கில் கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்குத் தனிக் கட்டுரைகள் கேட்கும். அதைத்தான் செகண்டரி என்கிறோம். இன்டர்வியூக்கள் இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வாக்கில் ஓயும். ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 30க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். அப்படி விடப்பட்ட இடங்களுக்காகத்தான் வெயிட்லிஸ்ட் நகர ஆரம்பிக்கிறது. மே, ஜூனில் வேகமாக நகரும். பிறகு சொட்டுச் சொட்டாக, வகுப்பு தொடங்கும் நாள் வரைக்கும் கூட.

அதாவது கடைசி "இல்லை" ஆகஸ்ட் வரை வராமல் இருக்கலாம். அடுத்த விண்ணப்பமோ ஜூனில் போக வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் எல்லா விண்ணப்பங்களும் சேரும்வரை காத்திருப்பதில்லை. வர வரப் படித்து, வர வர இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு இடங்களை நிரப்புகின்றன. ஆகஸ்ட் கடைசியில் போய்ச் சேரும் நல்ல விண்ணப்பத்துக்கு ஜூனில் இருந்த அளவு நாற்காலிகள் மிச்சமிருக்காது. விடை தெரிவதற்கு முன்பே அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்வது மாதிரி இது. பயத்தில் எல்லோரும் கட்டிவிடுகிறோம்.

நான் அப்படித்தான் கட்டினேன்.

முதல் முறை நுழைவுத் தேர்வான எம்கேட்டை ஜூலை கடைசியில் எழுதினேன். மதிப்பெண் வர ஒரு மாதம். அதற்குப் பிறகு விண்ணப்பத்தை அனுப்பி, சரிபார்ப்பு வரிசையில் வாரக்கணக்கில் நின்று, செகண்டரிகளை முடித்தபோது அக்டோபர் பாதி போயிருந்தது. 22 கல்லூரிகள். பிப்ரவரியில் ஒரே ஓர் இன்டர்வியூ. மார்ச்சில் வெயிட்லிஸ்ட். ஜூன் வந்தபோது என் மனதில் ஒரு கணக்கு உறுதியாக இருந்தது: தாமதமாக அனுப்பியதுதான் தப்பு, இந்த முறை முதல் நாளே அனுப்பினால் போதும். அப்பாவும் அதையே சொன்னார். "உடனே போட்டுடும்மா. ஒரு வருஷம் வீணாயிடக் கூடாது." பழைய கட்டுரையில் நான்கு வாக்கியங்களை மாற்றினேன். எம்கேட் அதே 505. அனுபவப் பட்டியல் அதேதான், மணிக்கணக்கை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். முதல் நாள் காலையே அனுப்பினேன்.

ஆகஸ்டில் வெயிட்லிஸ்ட் முடிந்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சல். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க ஓர் இன்டர்வியூ கூட வரவில்லை. தாமதமாக அனுப்பிய முதல் முறை ஒன்றாவது வந்தது. சீக்கிரம் அனுப்பிய இரண்டாம் முறை பூஜ்யம். தாமதம் என் குறைகளில் ஒன்றாக இருந்தது உண்மை. மற்ற குறைகளை நான் தேடவே இல்லை என்பதும் உண்மை. எந்தக் குறையை ஒப்புக்கொள்வது சுலபமோ அதையே காரணம் என்று பிடித்துக்கொண்டேன்.

அதனால் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த இடத்துல நின்ன?" என்பது. விண்ணப்பம் எங்கே நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. செகண்டரி வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பல கல்லூரிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் அனுப்புகின்றன. செகண்டரிகளை முடித்த பிறகு இன்டர்வியூவே வரவில்லை என்றால், காகிதத்தில் ஏதோ குறை. மதிப்பெண், கல்லூரிப் பட்டியல், அனுபவம், எழுத்து, காலம் இவற்றில் ஒன்றோ பலவோ. நான்கைந்து இன்டர்வியூ வந்தும் இடம் வரவில்லை என்றால் காகிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. நேரில் பேசும் விதத்தில்தான் சிக்கல். அப்படிப்பட்டவர் எம்கேட்டைத் திரும்ப எழுதுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. சிறு சிறு அறைகளில் சில நிமிடங்களுக்கு ஒரு கேள்வி என்று மாறி மாறிப் பேச வேண்டிய எம்.எம்.ஐ. முறை, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பரவியது. அதில் தடுமாறுபவர்கள் ஆட்களை வைத்துச் சத்தமாகப் பேசிப் பழக வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகினால் போதாது.

தம்பிக்கு இரண்டு வந்தது. இரண்டுங்கெட்டான் நிலை. காகிதமும் ஓரளவுதான், நேர்முகமும் ஓரளவுதான்.

எண்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2023இல் எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர். சேர்ந்தவர்கள் 22,981. பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளியேதான் நின்றார்கள். ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஏற்கெனவே ஒரு முறையாவது விண்ணப்பித்தவர். திரும்ப விண்ணப்பிப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று நினைக்கும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன். அந்த வருடம் சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் 511.7, கல்லூரி மதிப்பெண்ணான ஜிபிஏ (4க்கு) 3.77. சராசரி என்றால் அதற்குக் கீழேயும் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆனாலும் நம் எண் எங்கே நிற்கிறது என்று பார்க்க அது ஓர் அளவுகோல்.

எம்கேட் 472இல் தொடங்கி 528 வரை போகும். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 118 முதல் 132 வரை. என் 505இல் மூன்று பகுதிகள் 128, 127, 128. கார்ஸ் என்கிற வாசிப்புப் பகுதி மட்டும் 122. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் "கொஞ்சம் குறைவு" என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஒரே ஓர் இடத்தில் பள்ளம். திரும்ப எழுதுவதா வேண்டாமா என்பதை இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதை வருடத்துக்கு 3 முறை, தொடர்ந்த இரண்டு வருடங்களில் 4 முறை, வாழ்நாளில் மொத்தம் 7 முறை எழுதலாம். எழுதியது எல்லாம் கல்லூரிகள் கண்ணில் படும். பயிற்சித் தேர்வுகளில் எண் நிஜமாகவே ஏறிய பிறகு போய் உட்காருங்கள். ஏறாமல் போய், அதே எண்ணோ அதைவிடக் குறைந்த எண்ணோ வந்தால் பழைய நிலையைவிட மோசம். இன்னொன்று: பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு மூன்று வருடத்துக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதில்லை. காத்திருப்பவர்கள் இந்தக் கெடுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜிபிஏ குறைவாக இருப்பவர்களுக்கு வேறு வகைக் கணக்கு. 120 கிரெடிட் முடித்து 3.3 வைத்திருக்கும் ஒருவர், இன்னும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.44க்குத்தான் ஏறும். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தாலும் ஆம்காஸ் பழைய மதிப்பெண்ணை அழிக்காது, இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். ஆகவே மொத்த எண்ணைத் தூக்குவதற்காகப் படிக்கப் போனால் மனம் உடைந்துபோகும். கடைசி ஒன்றிரண்டு வருடங்களின் கோடு மேலே போகிறது என்று காட்டுவதற்காகப் படிக்கலாம். பட்டப்படிப்புக்குப் பிந்தைய போஸ்ட்-பேக் வகுப்புகள் அதற்கு உதவும். மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படிக்க வைக்கும் ஒரு வருட முதுகலை வகுப்புகளும் உண்டு. செலவு அதிகம். அதன் மதிப்பெண் தனி வரிசையில் நிற்குமே தவிரப் பழைய ஜிபிஏயில் கலக்காது. அங்கே போய்ச் சறுக்கினால் மீள்வது மிகவும் கடினம். வேறு எல்லாக் கதவையும் தட்டிய பிறகு தட்ட வேண்டிய கதவு அது என்பது என் எண்ணம்.

இனி நான் செய்த பெரிய தவறு. கல்லூரிப் பட்டியல். பெயர் தெரிந்த இடங்கள், அழகான ஊர்கள், உறவுக்காரர்கள் இருக்கும் மாநிலங்கள் என்று போட்டேன். 22இல் ஏழு, என் மாநிலத்தைச் சேராத அரசுக் கல்லூரிகள். அரசுக் கல்லூரி அந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அந்த மாநிலப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் தர முடியாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. எந்தக் கல்லூரி வெளியாட்களில் எத்தனை பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது, எத்தனை பேரைச் சேர்த்தது என்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்.எஸ்.ஏ.ஆர். தளத்தில் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. முதல் கல்லூரிக்கு ஒரு கட்டணம், பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி, செகண்டரிக்குத் தனி என்று அப்பாவின் பணம் திறக்காத கதவுகளில் போய்ச் சேர்ந்தது. இதை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. வசதி குறைந்தவர்களுக்கு அந்தச் சங்கமே கட்டண உதவித் திட்டம் வைத்திருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆஸ்டியோபதி மரபில் மருத்துவப் பட்டம் தரும் டி.ஓ. கல்லூரிகள் முதல் இரண்டு முறையும் என் பட்டியலில் இல்லை. "அது நெஜ டாக்டர் இல்லையாமே" என்று யாரோ சொன்னதை எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். தவறு. 1892இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் தொடங்கிய மரபு அது. அவர்களும் எல்லா மாநிலங்களிலும் மருந்தெழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020 முதல் இரு தரப்பாருக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒன்றேதான். என்னோடு இப்போது இரவுப் பணியில் நிற்பவர்களில் யார் எம்.டி., யார் டி.ஓ. என்று அடையாள அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

கரீபியன் தீவுகளில் இருக்கும் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி மாமா ஒருவர் ஒவ்வொரு அழைப்பிலும் பேசினார். "சீட்டு ரெடியா இருக்கும்மா, எதுக்கு இப்படி உக்காந்துக்கிட்டு?" அங்கே படித்துச் சிறந்த மருத்துவர்கள் ஆனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில், 2024இல், முதல் வருட இடம் கிடைத்தவர்கள் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம், டி.ஓ.வில் 92.3. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அமெரிக்கக் குடிமக்களில் 67. இந்த 67, படிப்பை முடித்து மேட்ச் வரைக்கும் வந்தவர்களின் கணக்கு. நடுவில் நின்றுபோனவர்கள் அதில் இல்லை. இங்கே இன்னும் ஒரு முறை ஒழுங்காக விண்ணப்பிக்காமல் அங்கே போவது அவசரம் என்று நினைக்கிறேன். மாமாவிடம் அன்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4இல் வளர்ந்த பிள்ளைகள் 21 வயதானதும் அந்த நிலையை இழக்கிறார்கள். மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறியவர், படிப்போ, படிப்பு சார்ந்த வேலை அனுமதியான ஓ.பி.டி.யோ இல்லாமல் "ஒரு வருடம் விட்டுப் பார்க்கலாம்" என்று இருக்க முடியாது. கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பல கல்லூரிகள் எடுப்பதும் இல்லை. என் தோழி ஒருத்தி இந்தச் சுவரில் மோதினாள். அவளுடைய மதிப்பெண் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். காத்திருக்கச் சொல்லும் என் அறிவுரை அவளுக்குப் பொருந்தாது என்பதை நான் மறக்கவில்லை.

இரண்டாம் முறையும் முடிந்த அந்த மார்ச்சில்தான் கணக்கை ஒழுங்காகப் போட்டேன். அந்த ஜூனிலேயே திரும்ப அனுப்பினால் எனக்கு இருப்பது மூன்று மாதம். மூன்று மாதத்தில் என்ன மாறும்? அந்த ஜூனை விட்டுவிட்டு அடுத்த ஜூனில் அனுப்பினால் பதினைந்து மாதம். "ஒரு வருஷம் வீண்" என்று வீட்டில் சொன்னது இந்தப் பதினைந்து மாதத்தைத்தான். விட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்ன அன்று அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போய்விட்டார். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். "அப்போ என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் ஜூனில் கிடைத்தது. நிராகரித்தவர்களுக்குக் காரணம் சொல்லும் கல்லூரிகள் சில உண்டு. வேலை குறைந்த கோடை மாதங்களில் கேட்க வேண்டும். நான் ஒன்பது இடங்களுக்கு எழுதினேன். பெரும்பாலானவை சொல்வதில்லை என்று மரியாதையாகப் பதில் போட்டன. முதல் முறை என்னை வெயிட்லிஸ்ட்டில் வைத்த கல்லூரியிலிருந்து ஒரு பெண்மணி பதினைந்து நிமிடம் போனில் பேசினார். கார்ஸ் மதிப்பெண்ணைச் சொன்னார். பட்டியலைச் சொன்னார். கடைசியில், "உங்க விண்ணப்பத்துல ஆஸ்பத்திரி இருக்கு. நோயாளி இல்ல" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அவரிடம் நான் ஒரு முறைகூடத் திரும்பப் பேசியதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை மேசைக்கு எதிரே எழுதி ஒட்டினேன்.

உண்மைதான். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் பழ ஈக்களோடு வேலை செய்திருந்தேன். மருத்துவர்கள் பின்னால் 60 மணி நேரம் நடந்திருந்தேன். மருத்துவமனையின் முன் மேசையில் உட்கார்ந்து வருபவர்களுக்கு வழி சொல்லியிருந்தேன். ஒரு நோயாளியின் உடம்பை நான் தொட்டதில்லை.

சி.என்.ஏ. பயிற்சிக்குச் சேர்ந்தேன். நர்ஸிங் ஹோம்களில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்க வைக்கிற வேலை. மத்தியச் சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, பிறகு மாநிலத் தேர்வு. முடித்ததும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "படிச்ச புள்ளை" என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடுவார். ஆனால் நான் காலையில் திரும்பும்போது வாசல் விளக்கு தினமும் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த இரவுகளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். முதல் மாதம் அதை வேலையாகச் செய்தேன். பிறகு யார் எந்தப் பக்கம் படுத்தால் முனகுவார்கள், யாருக்கு முதுகில் கை வைப்பதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கைகளுக்கே தெரிந்துவிட்டது. டிமென்ஷியா வந்த பாட்டி ஒருவர் தினமும் இரண்டு மணி வாக்கில் கணவர் எப்போது வருவார் என்று கேட்பார். அவர் இறந்துவிட்டார் என்று ஒரு முறை உண்மையைச் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இன்னொரு முறை சொல்லவில்லை. "அவரப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அரை மணி நேரம் பேசிவிட்டுத் தூங்கிவிடுவார்.

ஒரு வாரம் அவர் கேட்கவில்லை. அமைதியாகப் படுத்திருந்தார். மற்றவர்கள் நல்லபடியாகத் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். துணியில் சிறுநீர் குறைந்திருந்ததும் தண்ணீர்க் குவளை அப்படியே இருந்ததும் என் கண்ணில் பட்டது. பணியிலிருந்த நர்ஸிடம் சொன்னேன். சோதித்ததில் சிறுநீர்த் தொற்று. நான் எந்த உயிரையும் காப்பாற்றிவிடவில்லை. கண்டுபிடித்தது பரிசோதனை, குணமாக்கியது மருந்து. ஆனால் ஒருவரைத் தினமும் பார்த்தால்தான் அவரிடம் எது மாறியது என்று தெரியும் என்பது எனக்கு அந்த இரவில் புரிந்தது. இன்றைக்கும் வார்டில் காலையில் முதலில் போய்ப் பேசுவது இரவுப் பணி முடித்துப் போகும் சி.என்.ஏ.க்களிடம்தான்.

பகலில் தூக்கம் போக மீதி நேரம் கார்ஸுக்கு. தினமும் மூன்று பத்திகள், எந்த விடையை ஏன் தேர்ந்தேன் என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஏப்ரலில் திரும்ப எழுதினேன். 129, 126, 128, 130. மொத்தம் 513.

கட்டுரையைப் புதிதாக எழுதினேன். ஆம்காஸ் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள்தான் இடம், இடைவெளியையும் சேர்த்து. பழையது தாத்தாவுக்கு மாரடைப்பு வந்த நாளில் தொடங்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பாசம் பொய்யில்லை, ஆனால் அந்தக் கட்டுரையில் நான் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை மட்டுமே. புதியது தண்ணீர்க் குவளையில் தொடங்கியது. அனுபவப் பட்டியலில் 15 இடங்கள் உண்டு, அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்துக் கூடுதலாக எழுதலாம். பதினைந்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். இம்முறை பதினொன்றோடு நிறுத்தினேன்.

பரிந்துரைக் கடிதங்கள் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போக வேண்டும். பழைய பேராசிரியரிடம் போய், "ரெண்டு தடவை கிடைக்கல சார், திரும்ப எழுதித் தருவீங்களா" என்று கேட்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அவர் உடனே சரி என்றார். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். இன்னொரு கடிதம் இரவுப் பணியின் தலைமை நர்ஸ் எழுதியது.

"முன்பே விண்ணப்பித்திருந்தால், அதற்குப் பின் என்ன மாறியது?" என்று பல கல்லூரிகள் செகண்டரியிலேயே நேராகக் கேட்கும். பழைய விண்ணப்பத்தை எடுத்து அருகில் வைத்துப் பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. இத்தனை முறைக்கு மேல் ஏற்க மாட்டோம் என்று வரம்பு வைத்திருப்பவையும் உண்டு. அதே விண்ணப்பத்தைத் திரும்ப அனுப்புவதில் பணம் மட்டும் போவதில்லை, ஒரு வாய்ப்பும் போகிறது என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள். "மதிப்பெண் குறைவாக இருந்தது, வாசிப்பில் பலவீனம், இப்படிச் சரிசெய்தேன். நோயாளிகளோடு அனுபவம் இல்லை, இத்தனை மாதம் இதைச் செய்தேன்." அவ்வளவுதான். புலம்பலும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். செகண்டரிக் கேள்விகள் வருடா வருடம் பெரிதாக மாறுவதில்லை. சென்ற வருடக் கேள்விகளுக்கு மே மாதமே எழுதி வைத்தால், வந்த இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.

மூன்றாம் முறை 19 கல்லூரிகள், அவற்றில் ஐந்து டி.ஓ. நான்கு இன்டர்வியூ. மார்ச்சில் ஓர் இடம். ஒன்றே ஒன்று.

எப்போது நிறுத்துவது என்று தம்பி கேட்கவில்லை. ஆனால் கேட்பவர்கள் உண்டு. என்னோடு முதல் முறை விண்ணப்பித்தவர்களில் ஒருவர் இரண்டாவதோடு நிறுத்திவிட்டு நர்ஸிங் படித்தார். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். தோற்றுப்போய் அங்கே போனார் என்று உறவினர்கள் சிலர் இன்னும் பேசுகிறார்கள். அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. இன்னும் ஒரு வருடத்தைக் கொடுத்தால் என்ன மாறும் என்று எழுதிப் பார்த்து, மாறக் கூடியதைச் செய்ய மனமில்லை என்று தெரிந்துகொண்டு நிறுத்தியவர் அவர்.

வெயிட்லிஸ்ட்டில் இருக்கும்போது என்ன செய்வது என்ற தம்பியின் நடுக் கேள்விக்கு என் பதில்: காத்திருந்து முடிவெடுக்க நினைத்தால் காலண்டர் உனக்காக முடிவெடுத்துவிடும். விண்ணப்பம் நிஜமாகவே மாறியிருந்தால் ஜூனிலேயே அனுப்பு. வெயிட்லிஸ்ட்டில் இடம் கிடைத்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், போவது பணம்தான். மாறவில்லை என்றால் ஆகஸ்ட் வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்காமல், அடுத்த ஜூனுக்கான வேலையை நாளைக்கே தொடங்கு. வெயிட்லிஸ்ட் தன்பாட்டுக்கு நகரட்டும்.

"மாறியிருக்கா இல்லையான்னு எப்பிடிக்கா தெரியும்?" என்றான்.

"போன வருஷம் அனுப்பின கட்டுரைய எடு. சத்தமா படி."

"இப்பவா?"

"இப்பதான்."

கொஞ்ச நேரம் தேடினான். படிக்க ஆரம்பித்தான். முதல் பத்தியில் அவன் பள்ளியில் படித்தபோது பார்த்த ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். இரண்டாம் பத்தியில் ஆய்வுக்கூடம். மூன்றாம் பத்தியின் நடுவில் குரல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அக்கா," என்றான். "இதுல நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எதையுமே பண்ணல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மடிக்கணினியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, சி.என்.ஏ. வகுப்பு எங்கே நடக்கும், எத்தனை வாரம் என்று கேட்டான்.